நடை தூரத்தில் ஒரு பள்ளிவாசல்: பெய்ஜிங்கின் சாங்யிங்

பெய்ஜிங் மெட்ரோவின் ஆறாம் தடம் நகரை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கிறது. பழைய அரண்மனை வளாகத்துக்கு வடக்கே புகுந்து, சாவ்யாங் வாயிலைத் தாண்டி, ஐந்தாம் வட்டச்சாலைக்கு அப்பால் செல்லும் அந்தத் தடத்தில் சாங்யிங் என்றொரு நிலையம் இருக்கிறது. 2012 டிசம்பர் இறுதியில் தடம் திறக்கப்பட்ட நாளிலிருந்தே அந்த நிலையமும் இயங்குகிறது. அன்றாடம் அங்கே ஏறி இறங்கும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அது வாடகை கட்டுபடியாகும் ஒரு புறநகர், அவ்வளவுதான். அரசு ஆவணங்களில் அந்த இடத்துக்கு வேறொரு தகுதி உண்டு. அது சீன மொழி பேசும் முஸ்லிம்களான ஹுய் சிறுபான்மையினரின் ஊராட்சி. தூதரகங்களுக்கும் வணிகக் கோபுரங்களுக்கும் பெயர்போன சாவ்யாங் மாவட்டத்தில் இந்தத் தகுதி பெற்ற ஊர் இது ஒன்றே.

பெய்ஜிங் மாநகர எல்லைக்குள் இப்படிப்பட்ட சிறுபான்மை இன ஊராட்சிகள் ஐந்து உள்ளன. வடக்கு மலைப்பகுதியில் இருப்பவை மஞ்சு மக்களுடையவை, ஒன்று மஞ்சுக்களும் மங்கோலியர்களும் சேர்ந்து வாழ்வது, மீதமுள்ள இரண்டும் ஹுய் முஸ்லிம்களுடையவை. சீனத்தில் தன்னாட்சி மாநிலம், தன்னாட்சி மாவட்டம் என்றெல்லாம் இருப்பவற்றோடு இவற்றைச் சேர்த்து எண்ணக் கூடாது, ஏனெனில் ஊராட்சிக்குத் தன்னாட்சி அதிகாரம் கிடையாது. 1950-களில் உருவாக்கப்பட்டு, மக்கள் கம்யூன்கள் என்ற கூட்டு அமைப்புகள் வந்தபோது கலைக்கப்பட்டு, 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மீண்டும் இடமளித்த பிறகு உயிர்பெற்ற அமைப்பு இது. 1993-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஓர் ஊரின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் சிறுபான்மை இனத்தவராக இருந்தால் அதற்கு இந்தத் தகுதி கோரலாம். சிறப்பான சூழலில் சற்றுக் குறைந்தாலும் தரலாம். ஊராட்சித் தலைவர் அந்த இனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் சிறிய உரிமைதான். அந்தச் சிறிய உரிமை ஒரு மாநகரத்தின் வாய்க்குள் அகப்பட்ட கிராமத்தை எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகு அதைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் கீழக்கரைக்காரன். பணி நிமித்தம் பெய்ஜிங்கில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஹுய் நண்பர் ஒருவர் சாங்யிங்கில் பிறந்து வளர்ந்தவர். ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நான் எப்போதும் நியூஜியே பள்ளிவாசலுக்கே போய்க்கொண்டிருந்தேன். அது கி.பி. 996-இல் தொடங்கப்பட்டது என்று மரபு சொல்லும், சுற்றுலாப் பயணிகளும் திரளாக வரும் பெரிய பள்ளி. “எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், அங்கே கூட்டம் எல்லாம் ஊர்க்கூட்டம்” என்று நண்பர் பலமுறை அழைத்திருந்தார். அந்த அழைப்பை ஏற்றுத்தான் போனேன்.

நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய வணிக வளாகம். அதைச் சுற்றி இருபது மாடிகளுக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கிழக்கே கொஞ்சம் தள்ளி ‘பெய்ஜிங் பிக்சல்’ என்ற குடியிருப்புத் தொகுதி இருக்கிறது. சிறு சிறு வீடுகளாகப் பிரித்துக் கட்டப்பட்ட அது, வெளி மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வாடகைக் கூடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே நிலத்தில் சோளமும் கோதுமையும் விளைந்தன என்றும், வீட்டுக்கு வீடு முற்றமும், முற்றத்தில் ஆடுகளும் இருந்தன என்றும் நண்பர் சொன்னார். நகரம் கிழக்கே விரிந்தபோது கிராமத்து வீடுகள் இடிக்கப்பட்டு, நிலம் கையகப்படுத்தப்பட்டு, குறைந்த விலைக் குடியிருப்புகள் பெருமளவில் எழுந்தன. 2019 ஜனவரியில் மாநகர அரசின் தலைமையகமே இன்னும் கிழக்கே இருக்கும் தோங்சோவுக்குப் பெயர்ந்துவிட்டதால், நகரத்தின் விளிம்பாக இருந்த சாங்யிங் இப்போது இரண்டு மையங்களுக்கு நடுவே அமைந்துவிட்டது.

கோபுர வீடுகளின் நிழலில் சிறிது நேரம் நடந்த பிறகு சாம்பல் நிறச் சுற்றுச்சுவர் வருகிறது. அதற்கு மேலே வளைந்த ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. அதுதான் சாங்யிங் பள்ளிவாசல். மிங் பேரரசர் செங்தே ஆண்ட காலத்தில், அதாவது 1506-க்கும் 1521-க்கும் இடையில், இது முதன்முதலாகக் கட்டப்பட்டது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இன்றிருப்பது பலமுறை இடிந்தும் புதுப்பிக்கப்பட்டும் வந்த உருவம். குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இல்லாமல், சிவப்புத் தூண்களும் வண்ணம் தீட்டிய உத்தரங்களும் கொண்ட சீன மண்டபமாக அது நிற்கிறது. கிழக்கே வாசல், நடுவே முற்றம், மேற்கே தொழுகைக் கூடம் என்று ஒரே நேர்கோட்டில் எல்லாம் அமைந்திருக்கின்றன, ஏனெனில் தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லா இங்கிருந்து மேற்கே. கூடத்துக்குள், கிப்லாவைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றி அரபு எழுத்துகளைப் பொன்னிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். சீனத் தூரிகையின் கனமும் நெளிவும் கலந்த அந்த எழுத்து வடிவம் சீனத்துக்கு வெளியே காணக் கிடைப்பது அரிது. எங்கள் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த மரத்தூண்களுக்கு நடுவே அந்நியம் தோன்றவில்லை. அந்தந்த மண்ணின் தச்சர்களும் சிற்பிகளும் தங்களுக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு பள்ளி கட்டினார்கள். இரண்டு இடத்திலும் நடந்தது அதுவே.

தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூ செய்யும் இடத்தில் ஆளுக்கொரு சிறு இருக்கையும் அதன் முன்னே குழாயும் உண்டு. குளிர்காலத்தில் வெந்நீர் வரும். நான் போன அன்று பகல் ஒரு மணியை ஒட்டிக் கூட்டம் சேர்ந்தது. முன்வரிசைகளில் வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்தே வந்தவர்கள். சிலர் பேரனின் கையையோ ஊன்றுகோலையோ பிடித்தபடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கான்சு, சிங்ஹாய் மாகாணங்களிலிருந்து வந்து நூடுல்ஸ் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் மாவு படிந்த சட்டையோடு வந்து நின்றார்கள். அருகிலிருக்கும் பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஆப்பிரிக்க, பாகிஸ்தானிய மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். ஆஹோங் என்று இங்கே அழைக்கப்படும் இமாம் முதலில் சீன மொழியில் பயான் என்னும் மார்க்க உரை செய்தார்; பிறகு அரபியில் ஜும்ஆவின் குத்பா உரையை ஓதினார். பாங்கொலி வளாகத்துக்குள் மட்டுமே கேட்டது. தொழுகையின் அசைவுகள் எல்லாம், இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி முறை. என் தாய்வழி உறவினர்கள் தொழும் அதே முறை.

தொழுகை முடிந்ததும் யாரும் உடனே கலைந்துவிடவில்லை. முற்றத்து மர நிழலில் முதியவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நின்றார்கள். நண்பர் என்னை ஒரு பெரியவரிடம் அழைத்துப் போய், “தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், கடற்கரை ஊர், நம்மவர்” என்று அறிமுகப்படுத்தினார். பெரியவர் என் இரு கைகளையும் பற்றி ஸலாம் சொன்னார். பிறகு, செங் ஹே போன திசைதானே என்று கேட்டார். யுன்னான் மாகாணத்தில் ஹுய் குடும்பம் ஒன்றில் 1371-இல் பிறந்து, மிங் பேரரசின் பெரும் கப்பற்படையைத் தலைமை ஏற்று இந்தியப் பெருங்கடலுக்கு நடத்திச் சென்ற செங் ஹேயை எந்த ஹுய் முதியவரும் தம் குடும்பத்து மூத்தவரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் பொறித்து, அவருடைய படை இலங்கையின் காலிக்குக் கொண்டுவந்த கல்லைப் பற்றி நான் சொன்னேன். சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை அறிவிக்கும் கல் அது. 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து அதில் இருப்பது பெரியவருக்குப் புதிய செய்தி. என் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

ஊரின் கதையை அவரே சொன்னார். மிங் வம்சத்தை நிறுவியவரின் தளபதியான சாங் யூச்சுன், 1368-இல் மங்கோலியரிடமிருந்து இந்தத் தலைநகரைக் கைப்பற்ற வந்தபோது இங்கே பாசறை அமைத்தார் என்றும், அவருடைய படையிலிருந்த முஸ்லிம் வீரர்கள் தங்கிவிட்டதால் ‘சாங்கின் பாசறை’ என்று ஊருக்குப் பெயர் வந்தது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். வரலாற்றாசிரியர் இதை வாய்வழிக் கதை என்பார். ஆனால் ஹுய் மக்களின் தோற்றமே இப்படிப் பல கிளைகள் சேர்ந்து ஆனதுதான். கடல்வழி வந்த அரபு, பாரசீக வணிகர்கள், மங்கோலியர் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்கள், கைவினைஞர்கள், உள்ளூர்ப் பெண்கள் என்று எல்லோரும் கலந்து சீன மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகம் உருவானது. 2020 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 1.14 கோடிப் பேர். தனி மொழியும் தனி நிலப்பரப்பும் இல்லாமல் நாடு முழுவதும் சிதறி வாழும் அவர்களுக்குப் பள்ளிவாசலைச் சுற்றி வீடு கட்டிக்கொள்வது என்ற ஒரே பழக்கம் அறுநூறு, எழுநூறு ஆண்டுகளாக அரணாக இருந்திருக்கிறது.

அன்று பள்ளியின் சமையலறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர் ஒருவர் தம் தந்தையின் நினைவு நாளுக்காக யோஷியாங் என்ற எண்ணெய்ப் பலகாரம் சுடச் சொல்லியிருந்தார். அதைச் சுடுபவர்களில் நண்பரின் தாயாரும் ஒருவர் என்பதால் என்னால் அருகில் நின்று பார்க்க முடிந்தது. கோதுமை மாவை வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, மூடி வைத்துப் புளிக்க விடுகிறார்கள். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தட்டி, நடுவே கத்தியால் இரண்டு கீறல் போட்டு, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். கீறல் இருப்பதால் நடுப்பகுதி உப்பி வேகாமல் நின்றுவிடுவதில்லை. ஒரு பக்கம் பொன்னிறமானதும் நீளமான குச்சிகளால் திருப்புகிறார்கள். சுடுபவர் குளித்து ஒளூவோடு இருக்க வேண்டும், அடுப்பின் முன் வீண் பேச்சுக் கூடாது. ஆகையால் அந்த அறையில் எண்ணெய் கொதிக்கும் சத்தமும் மெதுவாக ஓதும் குரலும் மட்டுமே இருந்தன.

எனக்கு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். நான் அப்படியே கடிக்கப் போனபோது அந்தத் தாயார் தடுத்து, “தம்பி, கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள், முகத்துப் பக்கம் மேலே இருக்கட்டும்” என்றார். முதலில் வெந்த பக்கம் முகம். யாருக்குக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் மேலே தெரியத்தான் கொடுப்பார்கள். பாத்திஹா முடிந்ததும் யோஷியாங்கைக் காகிதப் பைகளில் போட்டு, எந்தக் கட்டடம், எந்த வாயில், எந்த மாடி என்று எழுதி வைத்திருந்த பட்டியலின்படி இளைஞர்கள் எடுத்துப் போனார்கள். முன்பு சந்து சந்தாக நடந்து கொடுத்ததை இப்போது மின்தூக்கியில் ஏறிக் கொடுக்கிறார்கள். பதினெட்டாம் மாடியில் இருப்பவருக்கும் எண்ணெய்ச் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். சாங்யிங்கின் கிராமத்து வீடுகளை இடித்தபோது, பழைய குடிகளுக்கு ‘மின்ட்சு ஜியாயுவான்’ என்ற குடியிருப்பைக் கட்டி, பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தூரத்திலேயே அவர்களை மீண்டும் குடியமர்த்தினார்கள். நியூஜியேயிலும் 1990-களின் இறுதியில் பழைய சந்துகளை இடித்துப் புதுப்பித்தபோது பெரும்பாலானோருக்கு அங்கேயே கோபுர வீடுகள் கிடைத்தன. இப்படிக் கிடைக்காத இடங்களும் பெய்ஜிங்கிலும் பிற நகரங்களிலும் உண்டு. அங்கே பள்ளிவாசல் நிற்கும், மரபுச் சின்னம் என்று பலகையும் இருக்கும், ஐவேளைத் தொழுகைக்கு வர ஆள் இருக்காது. மக்கள் ஆளுக்கொரு புறநகருக்குச் சிதறிப்போய், பெருநாளைக்கு மட்டும் இரண்டு மூன்று தடம் மாறி வந்து தொழுதுவிட்டுப் போவார்கள். ஒரு சமூகத்தைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கருத்தரங்குகளில் எவ்வளவோ பேசுகிறோம். முழங்கால் வலிக்கிற ஒரு முதியவர் பஜ்ர் என்னும் விடியற்காலைத் தொழுகைக்கு இருட்டில் தனியாக நடந்து வர முடிகிறதா என்பதைக் காட்டிலும் நம்பத்தக்க அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சாங்யிங்கில் முடிகிறது. ஊராட்சி என்ற தகுதியும், அதன் தலைவர் ஹுய் இனத்தவராகவே இருக்க வேண்டும் என்ற விதியும் இதற்குப் பெருங்காரணம் என்று முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். இடிப்பும் மீள்குடியேற்றமும் பேசப்பட்ட மேசையில் பள்ளிவாசலின் இடம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மரணத்தைப் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் எந்த முஸ்லிம் சமூகத்துக்கும் மையவாடி என்னும் அடக்கத்தலம் இல்லாமல் ஊர் என்பது முழுமையாகாது. நெருக்கடி மிகுந்த சீன நகரங்களில் எரியூட்டல் பொது விதியாக இருந்தாலும், சிறுபான்மையினரின் ஈமச்சடங்கு வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டின் ஈமச்சடங்கு விதிகள் கூறுவதால் ஹுய் மக்கள் தங்கள் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்கம் செய்துகொள்ளலாம். மையித்தைப் பள்ளியிலேயே குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணியிட்டு, ஊருக்குப் பொதுவான சந்தூக்குப் பெட்டியில் வைத்து முற்றத்தில் ஜனாஸாத் தொழுகை நடத்துகிறார்கள். அடக்கத்தின்போது பெட்டி வைப்பதில்லை. கோபுர வீட்டில் ஒருவர் இறந்தால் சில நிமிடங்களில் பள்ளிக்குச் செய்தி வந்துவிடும் என்றும், குளிப்பாட்டத் தெரிந்த ஆண்களும் பெண்களும் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றும் பெரியவர் சொன்னார். இதுவும் நடை தூரத்தின் பயன்தான்.

மனத்துக்கு வருத்தம் தந்தவற்றையும் எழுத வேண்டும். முற்றத்தில் தேசியக் கொடி பறக்கிறது. நாட்டின் விழுமியங்களைப் பட்டியலிடும் பலகை வாசலருகே நிற்கிறது. 2018 மே மாதம் சீன இஸ்லாமியச் சங்கம் எல்லாப் பள்ளிகளிலும் கொடியேற்றுமாறு கேட்டுக்கொண்டது. மத விவகாரங்களுக்கான திருத்தப்பட்ட விதிகள் அதே ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்தன. கொடியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. இது தங்கள் நாடு என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை. ஆனால் 2019-இல் பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்கள் தங்கள் பெயர்ப்பலகையிலிருந்து அரபு எழுத்தை நீக்க வேண்டியிருந்தது. சாங்யிங் தெருவிலும் இறைச்சிக் கடைகளின் பலகைகளில் சீனத்தில் ஹலாலைக் குறிக்கும் ‘சிங்சென்’ என்று மட்டும் இருக்கிறது. “ஒரு கத்தியால் மாட்டிறைச்சி, ஒரு கத்தியால் அரிசிப் பலகாரம்” என்று பெய்ஜிங் ஹுய் மக்களின் பிழைப்பைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. அந்த இரண்டு கத்திகளும் இன்னும் ஓடுகின்றன. பலகையில் மட்டும் வழிவழியாக வந்த எழுத்து இல்லை. அதைவிடக் கனமானது பிள்ளைகள் விஷயம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பள்ளிவாசலில் மார்க்கக் கல்வி நடத்துவது இப்போது இயலாது. பேரன் தாத்தாவின் கைபிடித்து முற்றம் வரை வருகிறான். அல்ஹம்து சூராவை அவன் வீட்டில்தான் கற்றாக வேண்டும், அதுவும் கற்றுத்தரத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால்தான். ஐந்து வயதில் மதரசாப் பலகையின் முன் அமர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

பெய்ஜிங்கின் மற்றொரு ஹுய் ஊராட்சியான யூஜியாவு, தோங்சோவின் தெற்கே இருக்கிறது. அங்கே இன்னும் வயல்கள் உண்டு. விதை ஆராய்ச்சிக்கென்று ஒரு பூங்காவே அமைத்திருக்கிறார்கள். அங்கே போனால் சாங்யிங்கின் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய முகத்தைப் பார்க்கலாம் என்று நண்பர் சொல்கிறார். மாநகர அரசின் புதிய தலைமையகம் அதே மாவட்டத்தில் இருப்பதால் அந்த வயல்களுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் இப்போதே சாங்யிங்கின் அனுபவத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் சாங்யிங்கிலும் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பழைய குடிகளைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டார்கள். விதியில் சொல்லும் 30 விழுக்காட்டை இந்த ஊர் எப்போதோ இழந்திருக்கும் என்பதை எல்லோரும் அறிவார்கள். தகுதி பழைய பெயரால் தொடர்கிறது. மெட்ரோ வந்த பிறகு வீட்டு விலை ஏறியதால், மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீடு பெற்றோரோடு நின்றுவிடுகிறது; திருமணமாகித் தனிக்குடித்தனம் போகும் மகனுக்கும் மகளுக்கும் அதே குடியிருப்பில் இன்னொரு வீடு வாங்குவது எளிதாக இல்லை. என் நண்பரே அலுவலகத்துக்குப் பக்கத்தில், நகரின் மேற்கே, வாடகை வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வர அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாலையில் அவருடைய தாயாரின் வீட்டில் ஆட்டிறைச்சிக் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தாயார் வீட்டுத் தரகரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மின்ட்சு ஜியாயுவானிலேயே இரண்டு அறைகள் கொண்ட பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்றும், தம்முடைய சேமிப்பையும் மகனின் சேமிப்பையும் சேர்த்து, மீதிக்கு வங்கிக் கடன் கிடைத்தால் ரமலானுக்குள் மகனையும் மருமகளையும் அதில் குடிவைத்துவிடலாம் என்றும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.